'என்டோமா' என்னும் சொல் கற்பிக்கும் பாடம்

பூச்சிகளைப் பற்றிய விஞ்ஞானத்திற்கு 'என்டமாலஜி' என்று பெயர். இப்பெயரைப் பிழையின்றி எழுதும் மாணவரிடம் அதன் பொருள் யாதெனக் கேட்பின், விடை கிடைப்பது அரிது. பெயரை மனப்பாடம் செய்வித்துப் பொருளைக் கைவிடும் வழக்கம் மாறவேண்டும் என்பதே எமது கருத்து.

கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், வெட்டுப்பட்டாற்போல் உடல் பிரிவுபட்டுத் தோன்றும் சிற்றுயிர்களை 'என்டோமா' என்றழைத்தார். 'உள்வெட்டு உடையவை' என்பது இதன் பொருள். ரோமானியர் இச்சொல்லின் ஒலியைக் கடன் வாங்காது, பொருளையே தம் லத்தீன் மொழியில் பெயர்த்து 'இன்செக்டா' என்றனர். ஆங்கிலத்தில் வழங்கும் 'இன்செக்ட்' அதன் வழிவந்ததே. குளவி ஒன்றைக் காட்டி, தலை, மார்பு, வயிறு ஆகியவற்றிற்கு இடையேயுள்ள ஒடுக்கங்களைச் சுட்டுவாராயின், ஆசிரியருக்கு அப்பெயரே பாடமாக அமையும்.

ஆயினும், சொற்பொருள் மட்டும் போதாது. அரிஸ்டாட்டில் சிலந்தியையும் பூரானையும் இதே தொகுதியில் அடக்கினார். பிற்கால விஞ்ஞானம் அவற்றை விலக்கியது. இன்று, பூச்சிகளும் அவற்றின் நெருங்கிய இனங்களும் 'ஹெக்ஸபோடா' எனப்படுகின்றன. இதுவும் கிரேக்கச் சொல்லே. 'ஆறு காலுடையவை' என்பது பொருள்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. கத்தரி, வெண்டை ஆகியவற்றின் இலையடியில் சாறு உறிஞ்சும் செஞ்சிலந்தி, பூச்சியன்று. சிலந்தியின் சுற்றத்தைச் சேர்ந்தது. வளர்ந்த நிலையில் அதற்குக் கால்கள் எட்டு. அதனைப் பூச்சியெனக் கருதிக் கண்ட பூச்சிமருந்தையும் தெளித்தால், அதனைத் தின்று நமக்கு உதவும் உயிர்கள் மடிய, செஞ்சிலந்தி முன்னிலும் பெருகுவதுண்டு. உழவரின் பொருளும் உழைப்பும் வீணாகும். நம் சொல்லின்மீது அவர் கொண்ட நம்பிக்கையும் குன்றும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. முட்டையினின்று வெளிவந்த செஞ்சிலந்திக் குஞ்சுக்குக் கால்கள் ஆறே. ஆதலின் ஒன்றை மட்டும் நோக்கி முடிவு செய்தலாகாது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் வளர்ந்தவை பலவற்றை நோக்குக. இலையடியில் நுண்ணிய நூலாம்படை உளதா என்பதையும் காண்க.

ஆசிரியர் பெயரோடு பொருளையும் கற்பிப்பாராக. கள ஊழியர் மருந்தைக் கலக்குமுன் கால்களை எண்ணுவாராக. பெயரின் பொருளறிந்து உயிரை நோக்கப் பழகியவர், வயலில் எளிதில் ஏமாறார்.