காட்ஸ் மெஜிக் பழக எந்தப் புத்தகம் வாங்கலாம்?

போன கிழமை அக்காவின் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தான். "மாமா, பிறந்தநாள் காசு 80 பிராங்க் இருக்கு. காட்ஸ் மெஜிக் பழக இந்தப் புத்தகம் வாங்கட்டா?" கூடவே அட்டைப் படமும் இருந்தது. பார்த்ததும் முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கவலை வந்தது. 15 வயதில் நானும் அதைத்தான் முதலில் வாங்கினேன். அதற்குப் பிறகு பத்து வருடம் காட்ஸ் கட்டைத் தொடவே இல்லை.

அவனுக்கு எழுதிய பதில் நீண்டுவிட்டது. உங்களிலும் சிலருக்கு இதே கேள்வி இருக்கலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் புத்தகம் எஸ். டபிள்யூ. எர்ட்னேஸ் எழுதிய 'த எக்ஸ்பேர்ட் அட் த காட் டேபிள்'. 1902இல் அமெரிக்காவில் வெளிவந்தது. எர்ட்னேஸ் என்பது புனைபெயர். அவர் உண்மையில் யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. சூதாட்ட மேசையில் கள்ளம் செய்யும் முறைகளில் தொடங்கி வித்தைகளில் முடிகிறது. காட்ஸ் மெஜிக்கின் வேதம் என்று பலர் சொல்வார்கள். அந்தப் பேச்சை நம்பித்தான் நானும் வாங்கினேன். ஆங்கிலம் எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஜேர்மனுக்கும் பிரெஞ்சுக்கும் பிறகு வந்த மொழி. ஒரு பந்தியை நாலு தரம் வாசித்தாலும் எந்த விரல் எங்கே போகிறது என்று விளங்கவில்லை. மூன்று கிழமை காட்ஸை நிலத்தில் கொட்டிப் பொறுக்கினேன். கடைசியில், "என்ர கை இதுக்குச் சரிவராது" என்று முடிவெடுத்துவிட்டேன்.

அந்த முடிவு பிழை. என் கையிலும் குற்றமில்லை, புத்தகத்திலும் குற்றமில்லை. நான் தொடங்கிய இடம்தான் பிழை.

பொறியியல் படிக்கும்போது ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் எதைப் படித்திருக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். மெஜிக் புத்தகங்களில் யாரும் அப்படி எழுதுவதில்லை. பெர்சி டயக்கோனிஸ் என்பவரின் கதை இதற்கு நல்ல உதாரணம். 14 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி, டாய் வெர்னன் என்ற பெரிய வித்தைக்காரரோடு ஊர் ஊராகத் திரிந்தவர். பிறகு வில்லியம் ஃபெல்லர் எழுதிய நிகழ்தகவுப் புத்தகத்தை வாங்கினார். கல்குலஸ் தெரியாததால் அதை வாசிக்க முடியவில்லை. புத்தகத்தை எறியாமல், நியூயோர்க்கில் இரவு வகுப்பில் சேர்ந்து கணிதத்தை அடியிலிருந்து படித்தார். 52 காட்ஸை நன்றாகக் கலக்க ஏழு தரம் குலுக்க வேண்டும் என்று 1992இல் டேவ் பேயரோடு சேர்ந்து காட்டிய கணித அறிஞர் அவர்தான். கடினமான புத்தகம் வாங்குவது தவறில்லை. அதற்கு முன்னால் எதைப் படிக்க வேண்டும் என்று பார்க்காததுதான் தவறு.

"வெர்னனே சின்ன வயதில் எர்ட்னேஸைப் படித்துத்தானே பழகினார்?" என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் அவர் வாழ்நாள் முழுவதும் அதையே படித்துக்கொண்டிருந்தவர். நமக்குப் பள்ளிக்கூடமும் இருக்கிறது, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் இருக்கிறது.

அப்படியென்றால் எப்படித் தெரிவு செய்வது? கடையிலோ நூலகத்திலோ புத்தகத்தைக் கையில் எடுத்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, முதல் வித்தையை இன்றிரவே செய்ய முடியுமா? வீட்டில் கிடக்கும் பழைய காட்ஸ் கட்டோடு, ஒரு மணித்தியாலத்தில் ஒருவருக்குக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

இரண்டு, காட்ஸை எப்படிப் பிடிப்பது, எப்படிக் குலுக்குவது என்று தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறதா?

மூன்றாவதுதான் முக்கியம். இரகசியத்தை மட்டும் சொல்கிறதா, எப்போது என்ன பேசுவது என்பதையும் சொல்கிறதா?

இதை ஒரு வித்தையை வைத்தே விளக்குகிறேன். கட்டின் அடிக் காட் எது என்று இரகசியமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் ஒரு காட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மேலே வைக்கிறார். கட்டை இரண்டாக வெட்டி, கீழ்ப் பகுதியை மேலே வைக்கிறார். இப்போது உங்கள் அடிக் காட் அவருடைய காட்டுக்கு நேர் மேலே வந்துவிட்டது. மேலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடும்போது, உங்களுக்குத் தெரிந்த காட்டுக்கு அடுத்து வருவது அவருடையது.

மோசமான புத்தகம் இதோடு நிறுத்திவிடும். நல்ல புத்தகம், அவருடைய காட் வந்த பிறகும் நிற்காமல் இன்னும் நாலைந்து காட் போடச் சொல்லும். பிறகு, "நான் அடுத்ததாகத் திருப்பப்போவது உங்கட காட்" என்று சொல்ல வைக்கும். நண்பர் உள்ளுக்குள் சிரிப்பார், தன் காட் எப்போதோ போய்விட்டது அவருக்குத் தெரியும். அப்போது மேசையில் கிடக்கும் அவருடைய காட்டை எடுத்துக் கவிழ்த்துவிடுவீர்கள். இரகசியம் அதேதான், ஆனால் வித்தை வேறாகிவிட்டது.

"யூட்யூப்பில் எல்லாம் சும்மா கிடைக்கிறதே, புத்தகம் எதற்கு?" என்பது அடுத்த கேள்வி. கை எப்படி அசைகிறது என்று பார்க்க வீடியோ நல்லது, நானும் பார்க்கிறேன். ஆனால் வீடியோவில் பழகினால் கையோடு சேர்த்து அந்த ஆளின் வாயும் வந்துவிடும். ஒரு முறை வேலையிடத்தில் அப்படிப் பழகிய வித்தையைக் காட்டினேன், வீடியோக்காரரின் பகிடியோடு. நான் முடிக்கும் முன்னரே ஒரு சகா அந்தப் பகிடியை முடித்துவிட்டான். அவனும் அதே வீடியோவைப் பார்த்திருந்தான்.

புத்தகத்தில் குரல் இல்லை. அந்த இடத்தை நாங்கள்தான் நிரப்ப வேண்டும். அதன் பெறுமதி எனக்கு அம்மம்மாவிடம்தான் விளங்கியது. 25 வயதில், நூலகத்தில் எடுத்த ஒரு தொடக்கநிலைப் புத்தகத்தோடு திரும்பத் தொடங்கியிருந்தேன். அப்போது அம்மம்மா எங்களோடு இருந்தார். "சாப்பிட்டியா?" "ஓம்." எங்கள் பேச்சு பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். என் தமிழ் அவ்வளவுதான். புத்தகமோ ஜேர்மனில். மேலே சொன்ன வித்தையை அவருக்குக் காட்ட, ஒவ்வொரு வசனத்தையும் நானே தமிழில் யோசித்தேன். கட்டை இரண்டாகப் பிரித்து மாற்றி வைக்கத் தமிழில் என்ன சொல்வது என்று அம்மாவிடம் கேட்டேன். "வெட்டு எண்டு சொல்லு" என்றார்.

அம்மம்மாவின் ஆட்டின் ராணியைத் தாண்டி நான் காட்ஸ் போட்டுக்கொண்டிருந்தேன். "எட, தாண்டிப் போட்டாய் ராசா!" என்று பதறினார். ராணியை எடுத்துக் கவிழ்த்தேன். அவர் சிரித்த சிரிப்பில் அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தார். பிறகு தான் சின்ன வயதில் ஒளித்து ஒளித்து 304 விளையாடிய கதையைச் சொன்னார். நான் அவரிடம் கேட்ட முதல் நீண்ட கதை அதுதான்.

மருமகனுக்கு நான் சொன்ன வரிசை இது. முதலில் கைத்திறன் தேவையில்லாத வித்தைகள். கார்ல் ஃபல்வ்ஸின் 'செல்ஃப் வேர்க்கிங் காட் ட்ரிக்ஸ்' (1976) மெல்லியது, மலிவானது, 72 வித்தைகள் உள்ளது. அல்லது பாசலில் பிறந்த ரொபேர்ட்டோ ஜோபியின் 'காட் கொலிஜ் லைட்'. அதில் 21 வித்தைகள், மூன்று மூன்றாகக் கோத்து, எதில் தொடங்கி எதில் முடிப்பது என்றும் சொல்கிறார். அதன் பிறகு கைத்திறன். ஹியூகார்டும் பிரோவும் எழுதிய 'த ரோயல் ரோட் டு காட் மெஜிக்' (1948) குலுக்குவதில் தொடங்கிப் படிப்படியாக ஏறும். ஜேர்மன் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு ஜோபியின் 'காட் கொலிஜ்' முதல் பாகம். அவர் அதை முதலில் எழுதியதே ஜேர்மனில்தான். எர்ட்னேஸ் எங்கும் ஓடிவிடாது, அதைப் பிறகு பார்க்கலாம்.

ஒரு நேரத்தில் ஒரு புத்தகம் போதும். அதில் மூன்று வித்தைகளை மூன்று பேருக்குக் காட்டும்வரை அடுத்ததை வாங்காதீர்கள். அந்த மூன்று பேரில் ஒருவருக்காவது தமிழில் காட்டுங்கள்.

"மிச்சக் காசுக்கு என்ன செய்ய?" என்று கேட்டான். இரண்டு கட்டு காட்ஸ் வாங்கு என்றேன். ஒன்று பழகிப் பழகிக் கிழிய, மற்றது ஆட்களுக்குக் காட்ட.