இரைப்புள்ள பிள்ளைக்கு நீச்சலைத் தடுப்பது நியாயமா?

நம் வீடுகளில் ஒரு பிள்ளைக்கு மூச்சிரைப்பு என்று மருத்துவர் சொல்லிவிட்டால், அன்று முதல் அப்பிள்ளைக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு சுவர் எழும்பிவிடுகிறது. குளத்தில் இறங்காதே, மழையில் நனையாதே, நீச்சல் வகுப்பு வேண்டவே வேண்டாம், சளி பிடித்துவிடும் என்று வாப்பாவும் உம்மாவும் உம்மம்மாவும் ஒரே குரலில் தீர்ப்பளிக்கின்றனர். பெண்பிள்ளை என்றால் இத்தீர்ப்புக்கு நோய்கூடத் தேவையில்லை. இவ்வழக்கம் அன்பினால் வந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது அப்பிள்ளையின் நுரையீரலுக்கு இழைக்கப்படும் அநீதி என்றே சொல்கிறோம்.

நீரில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கழுத்தளவு நீரில் நிற்பவரின் மார்பை நாற்புறமும் நீர் அழுத்துகிறது. அவ்வழுத்தத்தை எதிர்த்து மார்பு விரிந்தால்தான் காற்று உள்ளே போகும். எனவே உதரவிதானமும் விலா எலும்புகளுக்கு இடைப்பட்ட தசைகளும் தரையில் இருப்பதைவிடக் கூடுதலாக உழைக்கின்றன. நீந்தத் தொடங்கினால் நினைத்த நேரத்தில் மூச்சு வாங்கவும் முடியாது. தலையைத் திருப்பும் ஒரு கணத்தில் விரைவாக இழுத்து, பிறகு நீருக்குள் குமிழி குமிழியாக நிதானமாக விட வேண்டும். இரைப்பு உள்ளவருக்குக் காற்றை இழுப்பதைவிட வெளியே விடுவதில்தான் சிரமம் அதிகம். உதட்டைக் குவித்து மெல்ல ஊதுமாறு இயன்முறை மருத்துவர்கள் தரும் பயிற்சிக்கு நிகரான ஒன்றை, நீச்சல் விளையாட்டாகவே கற்றுக்கொடுத்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. ஓடும்போது வாய்வழியே வேகமாகப் போகும் வறண்ட காற்று மூச்சுக்குழாயின் உட்சுவரை உலர்த்திச் சுருங்கச் செய்கிறது. நீர்ப்பரப்பின் மேலுள்ள காற்றோ ஈரம் மிக்கது. மைதானத்தில் ஓடினால் இரைக்கும் பிள்ளைகள் பலர் நீந்தும்போது இரைக்காமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சளியை உண்டாக்குவது கிருமியே தவிர தண்ணீர் அல்ல. மிகக் குளிர்ந்த நீர் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது உண்மை. அதற்கு வெயில் ஏறிய நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

ஆஸ்துமா உள்ள சிறார், வளரிளம் பருவத்தினர் 262 பேரை உள்ளடக்கிய 8 ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பினர் 2013இல் ஒருங்கே ஆராய்ந்தனர். நோய் கட்டுக்குள் இருந்த அப்பிள்ளைகளுக்கு நீச்சல் ஒத்துக்கொண்டது, உடல்திறனும் நுரையீரலின் செயல்பாடும் மேம்பட்டன என்று கண்டனர். மற்ற உடற்பயிற்சிகளைவிட அது மேலானது என்று அவர்கள் சொல்லவில்லை. நோய் குணமாகும் என்றும் சொல்லவில்லை. நாமும் சொல்லமாட்டோம். இன்ஹேலரைத் தூக்கி எறிந்துவிட்டுக் குளத்தில் குதிக்கச் சொல்பவரை நம்பாதீர்கள். மருத்துவரைக் கேட்டு, மருந்தைக் கரையிலேயே வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். சிறு வயது முதல் ஆஸ்துமாவுடன் வாழ்ந்த அமெரிக்கர் ஏமி வான் டைக்கன், 1996 அட்லாண்டா ஒலிம்பிக் நீச்சலில் 4 தங்கப் பதக்கங்கள் வென்றார் என்பதையும் உம்மம்மாக்களுக்குச் சொல்லி வைப்போம்.

குளோரின் கெடுதல் அல்லவா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. மூடிய கட்டடத்துக்குள் இருக்கும் குளங்களில் மூக்கைத் துளைக்கும் நெடி, குளம் சுத்தமாக இருப்பதன் அடையாளம் அன்று. நீந்துவோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் வாயுவின் நெடி அது, இரைப்பைத் தூண்டக்கூடியது. குளத்தில் இறங்குமுன் நன்றாகக் குளிப்பதும், குளத்துக்குள் சிறுநீர் கழிக்காதிருப்பதும்தான் இதற்கு முதல் மருந்து. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. இதை நம் பிள்ளைகளுக்கு வேறு எவரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. நெடி வீசும் குளத்தை விடுத்துத் திறந்தவெளிக் குளத்தைத் தேடுங்கள். நீருக்கடியில் யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்ற போட்டியை மட்டும் ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்; அதில் நினைவிழந்து மூழ்கியோர் உண்டு.

வியப்பு என்னவெனில், மூச்சையே முதலாகக் கொண்டு வாழ்ந்த சமுதாயம் இது. மன்னார் வளைகுடாவில் சங்கு குளித்தோரிலும், இலங்கைக் கரைவரை சென்று முத்துக் குளித்தோரிலும் கீழக்கரை முஸ்லிம்கள் பெயர் பெற்றவர்கள். காலில் கல்லைக் கட்டி இறங்கி, ஒரே மூச்சில் கடலடியைத் துழாவி மேலே வந்தவர்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் கடற்கரையில் முழங்கால் நனையுமுன் பிள்ளையைப் பிடித்து இழுக்கிறார்கள்!

நீச்சல் கற்பதை வீண் விளையாட்டில் சேராதவற்றுள் ஒன்றாக எண்ணும் நபிமொழியை நஸாயீ தம் பெரிய ஸுனன் நூலில் பதிவு செய்துள்ளார். பயான் மேடைகளில் அதைக் கேட்டு நாம் ஸுப்ஹானல்லாஹ் என்கிறோம். அதே ஊரில் பெண்களுக்கென வாரம் இரண்டு மணி நேரம் ஒரு குளத்தை ஒதுக்கலாமா என்று கேட்டால், ஹயா போய்விடும் என்கிறார்கள். ஹயாவைப் பேணத்தானே தனி நேரமும் பெண் பயிற்சியாளரும் கேட்கப்படுகின்றன? மறைவான நீச்சல் உடைகூட 2004ஆம் ஆண்டிலிருந்தே சந்தையில் இருக்கிறது; அதை வடிவமைத்தவரும் அஹேதா ஸனெட்டி என்ற ஆஸ்திரேலிய முஸ்லிம் பெண்மணிதான். தொப்புள் முதல் முழங்கால் வரை மறைக்க வேண்டிய ஆண்மக்கள் சிறு ஜட்டியோடு குளத்தைச் சுற்றி வரும்போது இந்த ஹயா பேச்சு எழுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அடுப்படிப் புகையிலும் நான்கு சுவருக்குள்ளும் காலம் கழித்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் நம் சகோதரிகளுக்கு அந்த இரண்டு மணி நேரம் ஆடம்பரம் அன்று. திருமண மண்டபத்துக்குக் குளிர்சாதனம் பொருத்தப் பணம் திரட்டும் ஜமாஅத்துகளுக்கு ஒரு குளத்தின் வாடகை பெரிய தொகையும் அன்று. கோடை விடுமுறைக்கு முன்பே பேசி நேரத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அடுத்த ஜும்ஆவுக்குப் பின் நிர்வாகிகளிடம் இதைக் கேளுங்கள். பெண் உயிர்காப்பாளர் இருக்கிறாரா என்பதையும் அப்போதே கேட்டு வையுங்கள்.