ஓலையில் ஏறும் புகழ்

அறிஞன் தன் பெருமையைத் தானே பேசலாகாது என்பது தமிழிலக்கண மரபு. எத்துணைப் பெரிய நூல் செய்தவனும் அதற்குத் தானே பாராட்டுரை எழுதிக்கொள்ளுதல் தகாதென நன்னூலார் பாயிரத்துள் வரையறுத்தார். ஆயினும் நான்கிடங்களில் அதற்கு இசைவும் தந்தார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் திறம் அறியார் நடுவே நிற்கும்போதும், அவையில் சொற்போர் வெல்லும்போதும், மாற்றான் இழித்துரைத்தபோதும் தன்னைத் தானே உயர்த்தியுரைத்தல் குற்றமன்று.

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு வேண்டுகை விடுக்கும் மாணவன் நிற்பது இவற்றுள் முதலிரண்டு இடங்களிலுமாம். பட்டப் படிப்பின் பின்னரே அங்கு மருத்துவம் பயிலப் புகுவர். அந்நாட்டு மருத்துவக் கல்லூரிகளின் கழகம் நடத்தும் பொதுப்படிவத்தில், தன் பணிகளையும் பட்டறிவையும் 15 பதிவுகளுக்குள் அவன் அடக்கிக் காட்டல் வேண்டும். வெளிவந்த ஆய்வுரைகளுக்கும் அங்கே இடமுண்டு. ஆகலின் தன் ஆய்வைத் தானே எடுத்துரைத்தல் செருக்கன்று. ஆனால் நன்னூலார் புகழ்ந்துகொள்ள இசைந்தாரேயன்றிப் பொய்த்துக்கொள்ள இசைந்தாரல்லர்!

பொய்த்தோர் உளரோ எனின், உளர். மருத்துவப் பட்டம் பெற்றபின் செரிமான நோய்த்துறையில் மேற்பயிற்சி வேண்டியோரின் படிவங்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு 1995-இல் வெளிவந்தது. வெளிவந்த கட்டுரை உடையோம் என்றவருள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் காட்டியவை மெய்யாக இல்லை. இல்லாத கட்டுரைகளும் இல்லாத இதழ்களும் அப்பட்டியல்களில் இருந்தன. எழுதியவரோ பட்டம் பெற்ற மருத்துவர்!

இவ்விழுக்குக்குக் கரணியம் தலையெண்ணும் வழக்கமே. மூளை நரம்பு அறுவைத் துறைப் பயிற்சியில் 2024-இல் இடம்பெற்ற அமெரிக்க மாணவர் காட்டிய கட்டுரை, சுருக்கவுரை, அவையுரை ஆகியன நிரவலாக ஆளுக்கு 30-க்கு மேற்பட்டன. இத்தனையையும் ஓரிளைஞன் தானே ஆய்ந்து தானே எழுதினான் என நம்புவார் யார்? பேராசிரியரை உறவாகப் பெற்றவனுக்கு ஆய்வகக் கதவு தானே திறக்கும். கூலிக்கு உழைத்துப் படிக்கும் ஏழை மகனுக்கு எவர் திறப்பார்? எண்ணிக்கை அறிவை அளப்பதினும் வாய்ப்பையே மிகுதியும் அளக்கின்றது.

மருத்துவ இதழாசிரியர் குழுவின் வரையறை தெளிவானது. ஆய்விற் சிறந்த பங்கு, எழுதலிலோ திருத்தலிலோ பங்கு, இறுதி வடிவுக்கு ஒப்புதல், முழுமைக்கும் பொறுப்பு என்னும் நான்கும் உடையவனே ஆக்கியோன். குழாய் கழுவியதும் கணக்குக் குறித்ததும் நல்ல பணிகளே. அவற்றைப் பணியென்றே எழுதுக. வெளிவந்ததை வெளிவந்தது என்றும், ஏற்கப்பட்டதை ஏற்கப்பட்டது என்றும், விடுத்ததை விடுத்தது என்றும் பிரித்துரைக்க. பெயர் ஐந்தாவதாயின் ஐந்தாவதாகவே நிற்க. ஒன்றுமே இல்லையாயின் அவ்விடத்தை வெறிதே விடுக, அதில் இழுக்கில்லை.

கல்லூரியாரும் "எத்தனை?" என்னும் வினாவை விடுத்து, "இதில் நீ செய்தது என்ன?" என வினவுதல் வேண்டும். ஒரே கட்டுரையாயினும் உழைத்தவன் விளக்குவான், ஒட்டிக்கொண்டவன் விழிப்பான்.

அங்குக் குடியேறிய நம் தமிழர்தம் மக்களும் இப்படிவத்தை நிரப்புகின்றனர். அவர்க்கு யாம் கூறுவது இதுவே: இன்று கட்டுரைப் பட்டியலில் பொய்யெழுதும் கை, நாளை நோயாளியின் குறிப்பேட்டில் மெய்யெழுதும் என்பதற்கு உறுதி யாது?