நூலும் திரையும்

இலக்கியங் கற்பிக்கும் மொழிவகுப்பிலே திரைப்படத்துக்கு இடமில்லை என்பர் ஒரு சாரார். படம் இருக்க நூல் எதற்கு என்பர் மறு சாரார். இரு சாராரும் கற்போரை வஞ்சிக்கின்றனர் என்பதே எமது குற்றச்சாட்டு.

கட்டைபறிச்சானில் சிங்களத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் தமிழ் மாணவனை எடுத்துக்கொள்வோம். எழுத்துச் சிங்களத்தில் 'மம யமி' என்றால் நான் போகிறேன்; 'அபி யமு' என்றால் நாம் போகிறோம். எழுவாய்க்கேற்ப வினை மாறுகிறது. பேச்சிலோ இரண்டுக்கும் 'யனவா' என்ற ஒரே வடிவம். 'போறன்', 'போறம்' எனப் பேச்சிலும் வேறுபடுத்திப் பழகிய எமக்கு இது புதிது. எழுத்துநடையை மட்டும் கற்றவன் கொழும்புப் பேருந்திலே வாயடைத்து நிற்பான். பேச்சை மட்டும் பழகியவன் அரசாங்கக் கடிதத்தின்முன் விழித்து நிற்பான். 1956 ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டம் எம்மை வருத்தியமை மெய்யே. அதன்பொருட்டு அம்மொழியை அரைகுறையாகக் கற்பின் இழப்பு எமக்கன்றி வேறெவர்க்கு?

மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' நாவல் 1944 இல் வெளிவந்தது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1963 இல் அதனைப் படமாக்கினார். 1965 இல் டெல்லித் திரைப்பட விழாவில் அது தங்க மயில் விருது பெற்றது. நாவலாசிரியர் கதைகூறுவது எழுத்துநடையில். படத்தின் மாந்தர் உரையாடுவது பேச்சுநடையில். ஒரே கதை மொழியின் இரு முகங்களையும் காட்டுகிறது. ஓர் அத்தியாயத்தை வாசிப்போம். அதற்குரிய காட்சியைப் பார்ப்போம். மீண்டும் நூலுக்குத் திரும்புவோம். எழுத்தாளர் சொற்களால் விளக்கியதை நெறியாளர் எங்கே மௌனத்திடம் ஒப்படைத்தார் என்று கேட்போம். மொழிப்பயிற்சி அக்கணமே இலக்கியத் திறனாய்வாகிவிடும்.

படம் பார்த்த மாணவன் நூலைத் தொடமாட்டான் என்று அஞ்சுகிறார்கள். கதைச் சுருக்கத்தையே வினாவாகக் கேட்கும் பரீட்சையில் அவன் ஏன் தொடவேண்டும்? குற்றம் படத்தினதன்று, வினாத்தாளினது. நூலும் படமும் எங்கே வேறுபடுகின்றன, ஏன் வேறுபடுகின்றன என்று கேட்டுப் பாருங்கள். இரண்டையும் கற்காதவன் ஒரு வரியும் எழுதமாட்டான்.

'கம்பெரலிய'விலே பியல் நந்தாவுக்கு ஆங்கிலம் கற்பிக்க வருகிறான். அந்த மொழிப்பாடத்திலிருந்து இரு மனிதரின் வாழ்க்கை விரிகிறது. எமது மொழிப்பாடமோ கீறிட்ட இடம் நிரப்புவதோடு முடிகிறது. பாடத்திட்டம் வகுப்போர் இதற்கு விடை கூறட்டும்.