கழுகின் மீது ஒரு முறைப்பாடு

அமெரிக்காவின் அரச முத்திரையில் 1782ஆம் ஆண்டிலிருந்து சிறகு விரித்து நிற்கும் வெண்தலைக் கழுகின் மீது இப்போது ஒரு முறைப்பாடு. அழிந்துபோகும் நிலையிலிருந்து பாடுபட்டுக் காப்பாற்றிய அந்தக் கழுகு, பெருகிய பின் மற்ற நீர்ப்பறவைகளைத் தின்று தீர்க்கிறதாம். எங்கள் வகுப்பில் இந்தப் பேச்சு எழுந்தபோது பாதிப் பேர் கழுகைத் திட்டினார்கள். மீதிப் பேர், "இயற்கை அப்படித்தான், நாம் தலையிடக் கூடாது" என்று முடித்துவிட்டார்கள். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை.

முதலில் கழுகு ஏன் குறைந்தது என்பதைப் பார்க்க வேண்டும். அலாஸ்காவில் 1917ஆம் ஆண்டு தொடங்கி, சல்மன் மீனைத் தின்கிறது என்ற குற்றச்சாட்டின் பேரில், கழுகைக் கொன்றவர்களுக்கு அரசே பணம் கொடுத்தது. ஒரு இலட்சத்துக்கும் அதிகமான கழுகுகள் அப்படி மடிந்தன. 1940இல் கழுகைக் காக்கச் சட்டம் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு வந்த டி.டி.டி. துப்பாக்கியை விடக் கொடியதாக இருந்தது. எங்கள் உம்மம்மாமார் காலத்தில் மலேரியாவுக்காக வீட்டுச் சுவர்களில் அடித்தார்களே, அதே மருந்துதான். நுளம்பை ஒழித்து எத்தனையோ உயிர்களைக் காத்த மருந்து அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வயலிலும் காட்டிலும் கணக்கில்லாமல் கொட்டப்பட்டபோது அது ஆற்றில் கலந்தது, மீனில் சேர்ந்தது, மீனைத் தின்ற கழுகின் உடலில் இன்னும் செறிந்தது. முட்டை ஓடு மெலிந்தது. அடைகாக்க அமர்ந்த தாயின் பாரத்திலேயே முட்டை நொறுங்கியது. 1963இல், அலாஸ்காவும் ஹவாயும் தவிர்ந்த 48 மாநிலங்களிலும் கூடு கட்டியவை வெறும் 417 சோடிகள்.

ரேச்சல் கார்சன் 1962இல் எழுதிய 'மௌன வசந்தம்' என்ற நூல் மக்களை உலுக்கியது. 1972இல் டி.டி.டி. தடை செய்யப்பட்டது. 2007இல் கழுகு ஆபத்துப் பட்டியலிலிருந்து நீங்கியது. 2021இல் வெளியான மதிப்பீட்டின்படி அதே 48 மாநிலங்களில் 71,400 சோடிகள் கூடு கட்டுகின்றன. மனிதன் தன் பிழையைத் திருத்தியதற்கு இதைவிட நல்ல உதாரணம் அதிகம் இல்லை.

இனி முறைப்பாட்டுக்கு வருவோம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரேகன் மாநிலக் கரையில் யக்வினா முனை என்றோர் இடம். அங்குள்ள கடற்பாறைகளில் மர் எனப்படும் கறுப்பு வெள்ளைப் பறவைகள் ஆயிரமாயிரமாய்த் தோளோடு தோள் உரசி நிற்கும். கூடு கட்டத் தெரியாத பறவை அது. வெறும் பாறையில் ஒரேயொரு முட்டை இட்டு, அதைக் காலுக்கிடையில் வைத்து அடைகாக்கும். கழுகு வந்தால் கொண்டு போவது ஒன்றையோ இரண்டையோதான். ஆனால் அதன் நிழல் விழுந்ததுமே கூட்டம் முழுவதும் பதறிக் கடலில் பாய்ந்துவிடுகிறது. முட்டைகள் காவலின்றிக் கிடக்கின்றன. அதற்காகவே காத்திருந்ததுபோல் கடற்புறாக்களும் அண்டங்காக்கைகளும் இறங்கி வாரிக்கொண்டு போகின்றன. சில ஆண்டுகளில் அங்கே மிகச் சில குஞ்சுகளே தேறின. வொஷிங்டன் மாநிலத்தின் டட்டூஷ் தீவிலும் ஆய்வாளர்கள் இதையே கண்டார்கள். கழுகு தின்றதை விட, கழுகுக்குப் பயந்து ஓடியதால் இழந்ததே பெரிது!

மறுகரையிலுள்ள மெய்ன் மாநிலத்தில் நிலைமை இன்னும் இறுக்கமானது. எங்கள் குளங்களிலும் காணக்கூடிய பெரிய நீர்க்காகம் அமெரிக்காவில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது அம்மாநிலத்தின் சில தீவுகளில் மட்டுமே. அந்தக் குஞ்சுகளைக் கழுகு தூக்கிச் செல்கிறது.

கழுகைக் கெட்ட பறவை என்று சொல்வது புதிதல்ல. பெஞ்சமின் பிராங்ளின் 1784இல் தன் மகளுக்கு எழுதிய கடிதத்திலேயே, உழைத்து மீன் பிடிக்கும் விரால் அடிப்பானிடமிருந்து தட்டிப் பறிக்கும் ஒழுக்கமில்லாத பறவை என்று அதைச் சாடியிருந்தார். வாசிக்கச் சிரிப்பு வருகிறது. பசித்த பறவைக்கு நாம் எழுதும் நற்சான்றிதழ் எதற்கு? தவிரவும், நீர்ப்பறவைகள் "குறைந்துவிட்டன" என்று எதை வைத்துச் சொல்கிறோம்? ஒப்பிடும் கணக்குகளில் பல, கழுகே இல்லாதிருந்த காலத்தில் எடுத்தவை. அந்தக் காலத்து நிம்மதி நாம் நஞ்சூட்டிப் பெற்றுக் கொடுத்தது. அதற்கு முன் பல்லாயிரம் ஆண்டுகள் கழுகும் மர் பறவையும் ஒரே கரையில்தான் வாழ்ந்தன. கழுகைக் கண்டதும் நெருக்கியடித்துக்கொண்டு நீந்தும் நாமக்கோழிக்கு அந்தப் பழக்கம் நேற்று வந்ததல்ல. பசுபிக் கரையில் பெரிய நீல நாரைகள் கழுகின் கூட்டுக்குப் பக்கத்திலேயே போய்க் கூடு கட்டுகின்றன. அந்தக் கழுகுச் சோடி தன் எல்லைக்குள் வேறு கழுகுகளை விடாது என்பதே காரணம். ஒரு கழுகுக்கு வரி கட்டிப் பத்துக் கழுகிடமிருந்து தப்புகிற தந்திரம் என்று இதைச் சொல்லலாம்.

அப்படியானால் பேசாமல் இருந்துவிடலாமா? அங்கேதான் மற்றக் கட்சியோடு எனக்குப் பிணக்கு. கழுகின் முதல் உணவு மீன். அந்த மீனை யார் குறைத்தது? ஆறுகளில் அணை கட்டிச் சல்மனின் வழியை மறித்தவர்கள் நாம். வட வொஷிங்டனில், முட்டையிட்டு இறக்கும் சல்மன்களே குளிர்காலத்தில் கழுகின் பந்தி. காலநிலை மாறியதால் மீன்கள் முந்தி வந்து இறக்கின்றன. கழுகு வந்து சேருமுன் வெள்ளம் அவற்றை அடித்துச் செல்கிறது. கழுகுகள் இப்போது பாற்பண்ணைகளுக்குப் போய்க் கன்று ஈன்ற பசுக்களின் கழிவைத் தின்கின்றன. கழுகின் தட்டை வெறுமையாக்கிவிட்டு, அது அயல் வீட்டு வாசலில் நிற்பதை "இயற்கை" என்று சொல்லிக் கைகழுவுவது நியாயமா?

என் கருத்து இதுதான். கழுகின் மேல் துப்பாக்கி நீட்டக் கூடாது. 1940ஆம் ஆண்டுச் சட்டம் தளரவும் கூடாது. மர் போன்று வட கடல்கள் எங்கும் பரந்து வாழும் பறவைக்கு அதன் கரையைக் கழுகோடு பங்கிட அவகாசம் கொடுக்கலாம். அது வேறு பாறை தேடிப் போகுமானால், அந்தப் பாறைகளை மனிதரின் படகும் ட்ரோனும் நெருங்காமல் விட்டுவைத்தாலே பெரிய உதவி. ஆனால் சில தீவுகளே மிஞ்சியுள்ள நீர்க்காகத்திடம், "பொறுத்துக்கொள்" என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அங்கே ஆட்களை இருத்திக் கழுகை விரட்ட வேண்டும், கொல்லாமல். முட்டையிலிருந்து வந்த நீர்க்காகக் குஞ்சு சுமார் ஏழு வாரங்களில் பறந்துவிடும். கேட்பது அந்த ஏழு வாரக் காவலைத்தான்.