இம்புட்டு சாம்பல்னா எம்புட்டு?

லீவ்ல சொந்தமா ஒரு வலைப்பூ ஆரம்பிச்சாச்சா? கை கொடுங்க! ரீல்ஸ், ஷார்ட்ஸ்னு ஊரே ஓடிட்டு இருக்கிறப்போ, 'எனக்குன்னு ஒரு பக்கம் வேணும்'னு நினைச்சீங்க பாருங்க... அதுக்கே ஒரு ஃபில்டர் காபி வாங்கித் தரலாம்.

ஆனா, பேர் வெச்ச கையோட நீங்க என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியும். எழுத மாட்டீங்க. டெம்ப்ளேட் மாத்துவீங்க. காலையில நீலம், மத்தியானம் கறுப்பு, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மூணு பத்தி. அப்புறம் ஓரத்துல ஒரு வீடியோ, மேலே ஒரு வீடியோ. விடிஞ்சு பார்த்தா பக்கம் கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்கும். பந்தியில சோறு மட்டும் இருக்காது!

சிரிக்காதீங்க. நானும் அதே கேஸ்தான். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போறேன்.

மாமா பார்த்த மழை

எங்க அம்மா ஊர் கன்னிவாடி. திண்டுக்கல்லுக்கு மேற்கே, மலையடிவாரத்துல இருக்கு. 2007-ல நான் காலேஜ். ப்ளாக்கரை கூகுள் வாங்கினது 2003-ல. தமிழ் வலைப்பூக்களும் அந்த வருஷத்துலதான் பூக்க ஆரம்பிச்சது. 2004-ல காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்'னு ஒரு திரட்டி தொடங்கினார். யார் புதுசா எழுதினாலும் அங்கே தெரியும். 2005-ல யூடியூப் வந்துச்சு. 2006-ல ப்ளாக்கர்ல பெட்டிகளை மவுஸால இழுத்து இடம் மாத்துற வசதி வந்துச்சு. அதுக்கு முன்னாடி எச்.டி.எம்.எல். வரிகளுக்கு நடுவுல கையை விடணும். ஒரு குறியை மூட மறந்தா மொத்தப் பக்கமும் ஒரு பக்கமா சாய்ஞ்சுடும்.

எனக்கு விடுவேனா? கறுப்பு பின்னணி, மஞ்சள் எழுத்து. மவுஸ் போற இடமெல்லாம் நட்சத்திரம். மேலேயிருந்து மழைத்துளி. திறந்ததும் தானா ஒரு பாட்டு. பின்னணியில இரண்டு எம்.பி.க்கு ஒரு மலை போட்டோ. முதல் பக்கத்துலேயே அஞ்சு வீடியோ. மாமாவுக்கு போன் போட்டு, "மாமா, நம்ம ஊரைப் பத்தி எழுதியிருக்கேன், பாருங்க"ன்னு பெருமையா சொன்னேன்.

பாவம் மனுஷன். பஸ் பிடிச்சு திண்டுக்கல் போய், ஒரு பிரவுசிங் சென்டர்ல மணிக்கு இருபது ரூபா கொடுத்து உக்கார்ந்தார். ராத்திரி போன் வந்துச்சு.

"மாப்ள, பாத்தேன்யா. உன் பக்கத்துல மழை பேஞ்சுச்சு. பாட்டு பாடுச்சு. பொட்டி பூராம் நட்சத்திரம். ஆனா, நீ என்ன எழுதியிருந்தேன்னு மட்டும் தெரியல!"

கணக்குப் போட்டுப் பார்த்தா மாமா மேல தப்பே இல்லை. 2004-ல மத்திய அரசு அறிவிச்ச பிராட்பேண்ட் கொள்கைப்படி, விநாடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அதுக்குப் பேர் பிராட்பேண்ட். அதாவது விநாடிக்கு 32 கே.பி. அதை எட்டு கம்ப்யூட்டர் பங்கு போட்டா ஆளுக்கு 4 கே.பி. என்னோட இரண்டு எம்.பி. மலை முழுசா இறங்கவே எட்டரை நிமிஷம் ஆகும். அதுக்கு அப்புறம்தான் அஞ்சு வீடியோ!

இப்போ 4ஜி, 5ஜி வந்தாச்சேன்னு சொல்லாதீங்க. டேட்டா தீர்ந்த ராத்திரி, ஹாஸ்டல் மூலை, ஒரு கோடு சிக்னல்ல ஓடுற பஸ்... இதெல்லாம் இன்னிக்கும் இருக்கு. உங்க பக்கத்தைத் திறக்கப் போறவர் அங்கேதான் உக்கார்ந்திருப்பார்.

லே-அவுட்: மாமா டெஸ்ட்

அன்னிலேர்ந்து நான் எதைப் போட்டாலும் 'இது மாமாவுக்குத் திறக்குமா?'ன்னு ஒரு கேள்வி கேட்டுக்குவேன். நீங்களும் உங்க மாமாவை வெச்சுக் கேளுங்க.

ஒரு பத்தி போதும். உங்க பக்கத்தைப் படிக்கப் போறவங்க கையில இருக்கிறது பெரும்பாலும் போன். அதுல மூணு பத்தி வெச்சா, நடுப் பத்தி கூட்டமான பஸ்ல நிக்கிற மாதிரி நசுங்கிடும்.

எழுத்துக்கு மூச்சு விட இடம் கொடுங்க. தமிழ்ல 'கி'க்கு மேலே கொக்கி, 'கு'வுக்குக் கீழே வால். வரி இடைவெளி எழுத்து அளவைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். இல்லேன்னா மேல் வரியோட வால் கீழ் வரியோட கொம்புல முட்டும். இரண்டு ஓரமும் நேரா நிக்கிற மாதிரி அமைக்காதீங்க. நம்ம வார்த்தைகள் நீளம். சின்னத் திரையில வரிக்கு நடுவுல ஓட்டை விழும்.

நிறத்துக்கு ஒரு அளவே உண்டு. வலை ஆக்சஸிபிலிட்டி பத்தி 2008-ல வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.0 விதிகள்படி, எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வித்தியாசம் குறைஞ்சது 4.5-க்கு 1 இருக்கணும். இதை இலவசமா சோதிச்சுச் சொல்ற தளங்கள் நிறைய. வெள்ளையில இளமஞ்சள் போடறவங்க ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க. பார்வை மங்கின உங்க தாத்தாவும் படிக்கணும் இல்லையா? அதே விதிகள்ல இன்னொண்ணு: தானா பாடுற ஒலி மூணு விநாடிக்கு மேலே போனா, நிறுத்த பட்டன் இருந்தே ஆகணும். தானா பாடவே வேண்டாம்ங்கிறது என் கட்சி. கிளாஸ்ல கடைசி பெஞ்சுல உங்க பக்கத்தைத் திறந்து மாட்டினவன் உங்களை மன்னிக்கவே மாட்டான்!

அலங்காரத்துக்கு ஆயுசும் கம்மி. ஒரு காலத்துல எழுத்தை மினுக்க வைக்க ஒரு குறி இருந்துச்சு. 2013-ல ஃபயர்ஃபாக்ஸ் அதைத் தூக்கிப் போட்டுடுச்சு. ஆனா, 1991-ல டிம் பெர்னர்ஸ்-லீ உலகத்துக்குக் காட்டின முதல் வலைப் பக்கத்தைப் பாருங்க. வெறும் எழுத்து, அடிக்கோடிட்ட இணைப்புகள், அவ்வளவுதான். செர்ன் நிறுவனம் 2013-ல அதைப் பழைய முகவரியிலேயே மறுபடி வெச்சுது. உங்க போன்லயும் திறக்கும். முயற்சி பண்ணிப் பாருங்க.

வீடியோ: எப்போ வேணும்?

நம்ம மாவட்டத்துச் செம்பட்டியில ஒரு விஷயம் நடந்துச்சு, தெரியுமா? 2004 அக்டோபர் 18-ல, செயற்கைக்கோள் வழியா இயங்குற கிராம வள மையங்களை பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வெச்சார். இஸ்ரோவும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து செஞ்ச வேலை. முதல் மூணு ஊர்: திருவையாறு, தங்கச்சிமடம், நம்ம செம்பட்டி! யூடியூப் பிறக்கிறதுக்கு முன்னாடியே, கிராமத்துல உக்கார்ந்து தூரத்துல இருக்கிற நிபுணர் முகம் பார்த்துப் பேச ஏற்பாடு.

அங்கே வீடியோ அலங்காரம் இல்லை. கேட்கிறவருக்கு ஒரு கேள்வி இருந்துச்சு. நேர்ல பார்த்துப் பேசினாத்தான் அதுக்குப் பதில் கிடைக்கும். அதனால வீடியோ.

நமக்கும் அதே கணக்குதான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல இன்னிக்குத் தக்காளி என்ன விலைன்னு சொல்ல வீடியோ வேண்டாம். இரண்டு வரி போதும். ஆனா, நிலக்கோட்டை மல்லியை விரல்ல நாரைச் சுத்தி எப்படிக் கட்டுறாங்கன்னு எழுதிப் பாருங்க, பத்து பக்கம் ஆனாலும் புரியாது. முப்பது விநாடி வீடியோ காட்டிடும். கை செய்யறதைக் காட்டத்தான் வீடியோ.

எடுக்கிறப்போ இரண்டே இரண்டு கவனம் வேணும். படம் கொஞ்சம் மங்கினா பொறுத்துக்குவாங்க, குரல் கேட்கலேன்னா மூடிட்டுப் போயிடுவாங்க. அதனால போனைக் கிட்ட வைங்க, ஃபேனை நிறுத்துங்க. அப்புறம், ஒரு பக்கத்துக்கு ஒரு வீடியோ போதும்.

அம்மாச்சியின் கை

இப்போ நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன்.

2008-ல கன்னிவாடி போயிருந்தப்போ எங்க அம்மாச்சி கத்தரிக்காய் விதை எடுத்துக்கிட்டு இருந்தாங்க. நான் புது டிஜிட்டல் கேமரால நாலு நிமிஷம் எடுத்தேன். பழுத்து மஞ்சளான காயை அறுத்து, தண்ணியில பிசைஞ்சு, மிதக்கிறதைத் தள்ளிட்டு அடியில தங்கினதை எடுத்து, சாம்பல்ல புரட்டிக் காய வைப்பாங்க. அந்த வீடியோவை ஒரு தளத்துல ஏத்தி, அதோட எம்பெட் கோடை என் பக்கத்துல ஒட்டினேன். கீழே அவங்க சொன்னதைப் பதினோரு வரியா டைப் பண்ணினேன். கேமரா கார்டு நிறைஞ்சு போச்சுன்னு ஒரிஜினலை அழிச்சேன். அதான் நெட்ல இருக்கேங்கிற தைரியம்!

2013-ல அம்மாச்சி தவறிட்டாங்க.

போன மாசம் மாமா பையன் போன் பண்ணினான். விவசாயம் படிக்கிறான். என் பழைய பக்கத்தைத் தேடிப் பிடிச்சிருக்கான்.

"மச்சான், அப்பத்தா வெதை எடுக்கிறது பத்தி எழுதியிருக்கீங்களே, 'இம்புட்டு சாம்பல் போட்டுப் புரட்டணும்'னு. இம்புட்டுன்னா எம்புட்டு?"

பக்கத்தைத் திறந்தேன். பதினோரு வரியும் அப்படியே இருந்துச்சு. வீடியோ இருந்த இடத்துல சாம்பல் நிறத்துல ஒரு காலிப் பெட்டி. நான் ஏத்தின தளத்தையே எப்பவோ மூடிட்டாங்க. அம்மாச்சி கையைக் குவிச்சுக் காட்டி 'இம்புட்டு'ன்னாங்க. நான் அந்த வார்த்தையை மட்டும் எழுதி வெச்சேன். கையை வீடியோ பார்த்துக்கும்னு விட்டுட்டேன்.

மாமாகிட்ட கேட்டேன். "எங்காத்தா போடும், நான் எங்கிட்டு மாப்ள பாத்தேன்? நான் கடையில வெதை வாங்குறவன்யா"ன்னார். கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசலை.

நெட் ஒரு குடோன் இல்லை

எனக்கு மட்டும் நடந்ததில்லை இது. 1994-ல தொடங்கின ஜியோசிட்டீஸ்ல உலகம் முழுக்க சாதாரண ஜனங்க கட்டின பக்கங்கள், 2009 அக்டோபர்ல சேவையோட சேர்ந்து மூடப்பட்டுச்சு. ஆர்வலர்கள் ஓடி ஓடிப் பிரதி எடுத்ததால கொஞ்சம் பிழைச்சுது. கூகுள் வீடியோ 2012-ல முடிஞ்சது. பழைய வீடியோ எல்லாம் ஓடின ஃப்ளாஷ், 2020 டிசம்பர் 31-ஓட ஓய்வு வாங்கிடுச்சு. அந்த எம்பெட் கோடுகளை மாத்தாத பக்கங்கள்ல இன்னிக்கு வெறும் பெட்டிதான். இன்னிக்கு நீங்க ஏத்துற இடமும் ஒரு நாள் மாறலாம்.

அதனால ஃப்ரெண்ட்ஸ், லே-அவுட்டோட விளையாடுங்க, தப்பே இல்லை. உடைச்சுப் பார்த்துத்தான் நானும் கத்துக்கிட்டேன். ஆனா, இந்த வாரமே மூணு வேலை.

ஒண்ணு: ஒரிஜினல் வீடியோவை அழிக்காதீங்க. ஒரு பிரதி கம்ப்யூட்டர்ல, இன்னொண்ணு வேற வீட்டுல, வேற டிஸ்க்ல.

இரண்டு: வலைப்பூவை பேக்கப் எடுங்க. ப்ளாக்கர்ல செட்டிங்ஸ்லேயே அந்த வசதி இருக்கு. ஒண்ணு கவனிங்க, வேற தளத்துலேர்ந்து ஒட்டின வீடியோ அதுல வராது. அதோட இணைப்பு மட்டும்தான் வரும்.

மூணு: வீடியோ ஒவ்வொண்ணுக்கும் கீழே, வாய் சொன்னதை மட்டும் எழுதாதீங்க, கை காட்டினதையும் எழுதுங்க. 'இம்புட்டு'ன்னா ஒரு பிடியா, இரண்டு பிடியா? அவங்க இருக்கிறப்பவே கேட்டு எழுதிடுங்க.

எங்க ரெட்டியார்சத்திரம் பக்கத்து விவசாயி யாரைக் கேட்டாலும் சொல்வாங்க, காய் பூராத்தையும் வித்துட்டா அடுத்த வெள்ளாமைக்கு விதை இருக்காதுன்னு. நான் மொத்தத்தையும் நெட்டுக்கு அனுப்பிட்டு வீட்டுல விதை வைக்காம விட்டுட்டேன்.

மாமா பையன் இப்போ ஒரு பிடி, ஒன்றரைப் பிடி, இரண்டு பிடின்னு மூணு கிண்ணத்துல சாம்பல் போட்டுப் பார்த்துக்கிட்டு இருக்கான். எது நல்லா முளைக்குதுன்னு தெரிஞ்சதும் சொல்றேன்னிருக்கான். இந்தத் தடவை வீடியோவும் எடுக்கிறான். கார்டை அழிச்சா கையை ஒடிச்சுடுவேன்னு சொல்லி வெச்சிருக்கேன்!

அடுத்த வாரம் பார்ப்போம். அதுக்குள்ள உங்க அப்பத்தாவுக்கோ அம்மாச்சிக்கோ ஒரு போன் போடுங்க.