சேப்பாக்கத்தில் ஆட்டம் முடிந்த பிறகு

சென்னை
25-3-2025

மாண்புமிகு தமிழ்நாடு போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



கடந்த ஞாயிற்றுக்கிழமை இரவு சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மும்பைக்கும் நடந்த ஐபிஎல் ஆட்டத்தை என் மகனோடு பார்த்தேன். கடைசி ஓவரின் முதல் பந்தில் ரச்சின் ரவீந்திரா சிக்ஸர் அடித்து முடித்துவைத்தார். நாங்கள் வெளியே வந்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. வாலாஜா சாலை முழுக்க மஞ்சள் வெள்ளம். ஊரே சந்தோஷமாக இருந்தது.

அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரு அம்மா நின்றிருந்தார். அறுபது வயது இருக்கும். ஒரு கையில் எவர்சில்வர் தூக்கு, இன்னொரு கையில் துணிப்பை. கோஷா ஆஸ்பத்திரியில் மருமகளுக்கு அன்று மதியம் பிரசவமாம், பெண் குழந்தையாம். இரவுத் துணைக்குச் சம்பந்தியம்மாவை இருத்திவிட்டு வியாசர்பாடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். சாயங்காலம் மகளிர் இலவசப் பேருந்தில் வந்தவருக்கு, பாதைகளை மாற்றிவிட்ட அந்த இரவில் எந்த பஸ் எங்கே நிற்கும் என்று சொல்ல ஆளில்லை. அவர் கேட்ட நான்கு ஆட்டோக்களில் மிகக் குறைவாகக் கேட்டவர் சொன்ன தொகை 500 ரூபாய்.

அவருக்காக என் கைபேசியில் ஒரு செயலியைத் திறந்தேன். ஆட்டோவுக்கு 340 ரூபாய் காட்டியது. சரி என்று அழுத்தினேன். ஒரு நிமிடத்தில் ஓட்டுநர் அழைத்தார். “சார், எவ்ளோ காட்டுது? மேல நூத்தம்பது போட்டுக் குடுங்க, வரேன்.” முடியாது என்றதும் வண்டி ரத்தானது. அடுத்தவரும் அதையே கேட்டார்.

இப்போது அரசின் கணக்கைப் பார்ப்போம். 2013 ஆகஸ்டில் தமிழக அரசு நிர்ணயித்த ஆட்டோ கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். இரவு 11 முதல் காலை 5 மணி வரை பாதி கூடுதல். சேப்பாக்கத்திலிருந்து வியாசர்பாடிக்கு ஏழு கிலோமீட்டர் என்று வைத்தால் 87 ரூபாய் சொச்சம், இரவுக் கட்டணம் சேர்த்து 131 ரூபாய். அந்த அம்மாவிடம் கேட்டது ஏறக்குறைய நான்கு மடங்கு.

ஆனால் ஓட்டுநர்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. 500 கேட்டவரிடமே நின்று பேசினேன். “சாயங்காலத்துலேர்ந்து பெல்ஸ் ரோடு பக்கம் வண்டிய விடல அண்ணே. சவாரியே இல்ல. வியாசர்பாடி போனா திரும்ப காலியாத்தான் வரணும். இருபத்தஞ்சு ரூபா மீட்டர்ல இன்னைக்கு யார் ஓட்டுவா, நீங்களே சொல்லுங்க” என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கட்டணத்தை அறிவித்தபோது சென்னையில் பெட்ரோல் லிட்டர் எழுபதுகளில் இருந்தது. இன்று 100 ரூபாயைத் தாண்டி நிற்கிறது. வாடகை வண்டி ஓட்டுகிறவருக்கு நாள் வாடகை வேறு.

கட்டணத்தைத் திருத்தி அமைக்கச் சொல்லி 2022-இல் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. 2013-இல் கட்டணத்தோடு சேர்த்து அறிவித்த, ஜிபிஎஸ் பொருத்திய இலவச டிஜிட்டல் மீட்டர் வந்து சேரவே இல்லை. பொறுத்துப் பார்த்த தொழிற்சங்கங்கள் இந்த பிப்ரவரி முதல் தேதியிலிருந்து 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்று தாங்களே ஒரு கட்டணத்தை அறிவித்தன. அது செல்லாது என்று அரசு சொன்னது. ஆனால் புதிய கட்டணம் எதையும் அறிவிக்கவில்லை. சங்கங்களின் கட்டணப்படியே பார்த்தாலும், இரவுக் கூடுதலும் சேர்த்து அந்த அம்மா கொடுக்க வேண்டியது 215 ரூபாய்தான். 500 ரூபாய்க்கு எந்தக் கணக்கிலும் நியாயம் கிடையாது.

செயலிகள் கதையும் இதுதான். அடிப்படைக் கட்டணத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்று மத்திய அரசு 2020-இலேயே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. அந்த அடிப்படைக் கட்டணத்தை மாநில அரசு நிர்ணயிக்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக யாரும் மதிக்காத ஒரு தொகையை அடிப்படையாக வைத்துக்கொண்டு, ஒன்றரை மடங்கை எந்த அதிகாரி எப்படி அளப்பார்?

அமைச்சர் அவர்களே, ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்கு நல்ல ஏற்பாடு நடந்திருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். நுழைவுச்சீட்டைக் காட்டினால் மெட்ரோவில் கட்டணம் இல்லை. நானும் என் மகனும் அப்படித்தான் அரசினர் தோட்டம் நிலையத்தில் ஏறி வீடு போய்ச் சேர்ந்தோம். ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்கியவனுக்கு இலவசப் பயணம். பேத்தியைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு 500 ரூபாய். அன்று இரவு முழுக்க இதுதான் எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது.

சேப்பாக்கம் ஊருக்கு வெளியே இருக்கும் மைதானம் அல்ல. ஒரு பக்கம் தாய்சேய் மருத்துவமனை, இன்னொரு பக்கம் திருவல்லிக்கேணியின் மேன்ஷன்களும் குடித்தனங்களும். கிரிக்கெட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஆயிரம் பேர் அதே நேரத்தில் அதே தெருக்களில் வண்டிக்கு நிற்கிறார்கள். ஆட்ட நாள் கூடுதல் கட்டணத்தை அவர்களும்தான் கட்டுகிறார்கள்.

கூடுதலே கூடாது என்று நான் கேட்கவில்லை. நெரிசலில் காத்திருக்கும் ஓட்டுநருக்கு அதற்கான கூலி கிடைக்கத்தான் வேண்டும். அது எவ்வளவு என்று அரசு சொல்லட்டும். ஓட்டுநர் சங்கங்களை அழைத்துப் பேசி, இன்றைய பெட்ரோல் விலைக்கு ஏற்ற மீட்டர் கட்டணத்தை அறிவியுங்கள். ஆட்ட இரவுகளுக்கு இவ்வளவு கூடுதல் என்று ரூபாயில் எழுதுங்கள். செயலிகளும் அதற்குக் கட்டுப்படட்டும். ரயில் நிலையத்தில் இருப்பதுபோல ஒரு ப்ரீபெய்டு கவுண்டரை ஆட்ட நாள்களில் மைதானத்துக்கு அருகே போக்குவரத்துக் காவலர் மேற்பார்வையில் நடத்துங்கள். கோஷா ஆஸ்பத்திரி வாசலில் நான்கு ஆட்டோக்கள் நிற்க இடம் ஒதுக்கி, நோயாளிகளோடு வந்தவர்களிடம் கூடுதல் வாங்கக் கூடாது என்று உத்தரவிடுங்கள்.

அந்த அம்மா எப்படிப் போனார் என்று நீங்கள் கேட்கக்கூடும். மஞ்சள் ஜெர்சி போட்ட இரண்டு பையன்கள் பெரம்பூருக்கு 600 ரூபாய் பேசி ஒரு ஆட்டோ பிடித்தார்கள். “ஏறுங்க பாட்டி, வழியில எறக்கி விட்டுடுறோம்” என்று நடுவில் உட்காரவைத்துக்கொண்டார்கள். அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து எடுத்த பணத்தை அவர்கள் வாங்கவில்லை.

வரும் 28-ஆம் தேதி வெள்ளிக்கிழமை சேப்பாக்கத்தில் அடுத்த ஆட்டம். மீட்டர் கட்டணத்தை மூன்று நாளில் மாற்ற முடியாது என்பது தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் நான்கு ஆட்டோக்களையும் ஒரு கட்டணப் பலகையையும் நிறுத்த மூன்று நாள் போதும். செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
சென்னைவாசி ஒருவன்